எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்

நீ சிரித்ததை நான் பார்த்துவிட்டேன், தங்கச்சி. பரவாயில்லை, சிரி. மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் இருக்கிறாரே, நீலச் சட்டை, அவர் முதுகைப் படித்துவிட்டுத்தானே சிரித்தாய்? பஸ் ஏறியதிலிருந்து நீ ஏழாவது ஆள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறதை விட்டுவிட்டு மேலிருந்து கீழ்வரை முழுசாகப் படித்தார். அவர் என் வீட்டுக்காரர்தான்.

ஏன் அப்படி எழுதியிருக்கிறது என்று கேட்கிறாய். சொல்லலாம். ஆனால் நான் சொன்னால் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்பது எனக்குப் பிடிபடாது. போன மாதம் என் நாத்தனாரிடம் இதே கதையைச் சொன்னேன். எங்கேயோ வரிசை மாறிவிட்டது போல. கடைசிவரை கேட்டுவிட்டு, "பாவம் எங்கண்ணன்" என்றாள். எவ்வளவு தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள், பார்! அதனால் நீ நடுவில் ஒன்றும் கேட்காதே. கேட்டால் விட்ட இடம் எனக்கு மறந்துபோகும்.

ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். நமக்கு எதற்கு வம்பு? வேண்டுமானால் அவர் முதுகில் இருக்கிறது, படித்துக்கொள்.

எங்களுக்கு முறுக்குக் கடை. சொர்ணம் முறுக்குக் கடை. சொர்ணம் நான்தான், முழுப்பேர் சொர்ணத்தாய். பதினெட்டு வருஷமாக அவர் பிழிவார், நான் சுட்டெடுப்பேன். அவர் கை மாதிரி வராது. மாவை அச்சில் அடைத்து ஒரு அழுத்து அழுத்தினால் சுற்றுச் சுற்றாக, கோலம் போட்ட மாதிரி விழும். நான் பிழிந்தால் மண்புழு மாதிரி துண்டு துண்டாக விழும். அவர் பேச மாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன். அதில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. இருந்தால் சொல்லியிருப்பாரே?

தை மாதம் எதிரே ஒரு பேக்கரி வந்தது. ஜெபக்குமார் என்று ஒருவன், முப்பது வயது இருக்கும். திறப்பு விழாவுக்குப் பலூனில் வளைவு, செண்டை மேளம், போதாததற்குக் கரடி வேஷம் போட்ட ஆள் ஒருவன் வாசலில் நின்று ஆடினான். மத்தியானம் அந்தக் கரடி மூச்சு வாங்கிக்கொண்டு நம் கடைக்கு வந்து தண்ணீர் கேட்டது. தலையைக் கழற்றினால், மேலத்தெரு சீனி! வாரா வாரம் நம்மிடம் கால் கிலோ சேவு வாங்குகிற ஆள். "வயித்துப் பொழப்பு அத்தை, தப்பா நெனைக்காதீக" என்றான். தண்ணீர் கொடுத்தேன்.

மாசி பிறப்பதற்குள் பாதிப் பேர் பப்ஸுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருப்பது வாடகைக் கட்டிடம். கட்டிடக்காரர் வந்தார். "அம்மா, பங்குனித் திருவிழா வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள வியாபாரம் நிமிரலேன்னா, அந்தத் தம்பி கேக் அடுப்பு வைக்க உங்க எடத்தைக் கேக்கறாப்ல. நான் என்ன செய்ய?" என்றார்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. அவர் தூங்கினார். இந்தக் கடை போனால் அவர் கைக்கு என்ன வேலை இருக்கிறது, என் வாய்க்கு என்ன வேலை இருக்கிறது? அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். விளம்பரம் செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆட்டோவில் மைக் கட்டலாம், கேபிள் டிவியில் போடலாம், நாற்சந்தியில் பேனர் வைக்கலாம். எல்லாம் காசுள்ளவன் செய்கிற வேலை.

நான் முதலில் பிட் நோட்டீஸ் அடித்தேன். மஞ்சள் காகிதம், ஐந்நூறு. பேப்பர் போடுகிறவரிடம் கொடுத்து, பேப்பருக்குள் வைத்து வீடு வீடாகப் போடச் சொன்னேன். அவர் பாதியை வைத்துவிட்டு மீதியைக் கட்டோடு எடைக்குப் போட்டுவிட்டார். அது எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? அந்த பேக்கரிக்கு. நாலு நாள், நான் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எங்கள் நோட்டீஸில் வைத்துத்தான் அவன் பப்ஸ் கொடுத்தான். காகிதம் அளவாக இருந்ததாம்.

அப்புறம் கோயிலுக்கு ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தேன். லைட்டின் மேலேயே உபயதாரர் பேர் எழுதுவார்களே, அது. கொடுக்கிறது கொடுக்கிறோம், எல்லாவற்றையும் எழுதிவிடுவோம் என்று கடைப் பேர், விலாசம், போன் நம்பர், முறுக்கு, சீடை, தட்டை, அதிரசம் ஆர்டரின் பேரில் என்று எழுதச் சொன்னேன். பெயிண்டர் அழகாகத்தான் எழுதினார். மாட்டிப் பார்த்தால் வெளிச்சம் வர இடமில்லை. பூசாரி மறுநாளே கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். "அம்மன் மொகமே தெரியல தாயி. ஒன் சீடைதான் தெரியுது" என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் திருவிழா வந்தது. பத்து நாள். கோயிலுக்கு முன்னால் மேடை போட்டு, தினம் சாயங்காலம் கரகாட்டம், வில்லுப்பாட்டு, பட்டிமன்றம் எல்லாம் உண்டு. மைக்கில் மந்திரமூர்த்தி. கல்யாணத் தரகர் அவர். தன் குரலைத் தானே கேட்டு ரசிக்கிற ஆள். தெருவுக்குத் தெரு குழாய் கட்டியிருப்பதால் அவர் இருமினால் ஊருக்கே சளி பிடித்த மாதிரி இருக்கும்.

முதல் நாள் நானும் என் வீட்டுக்காரரும் போனோம். நான் சாமி கும்பிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். கூட்டமோ கூட்டம். நேராக மேடைக்குப் போனேன்.

"தம்பி, எங்க வீட்டுக்காரரைக் காணோம். கொஞ்சம் கூப்பிடுங்க."

"அதுக்கென்ன, கூப்பிட்ருவோம். பேரு?"

"சொர்ணத்தாய்."

"ஒங்க பேரு இல்லக்கா. காணாமப் போனவரு பேரு."

"அதை எப்படித் தம்பி நான் சொல்ல?"

"நீங்க சொல்லாம வேற யாரு சொல்ல?"

இருபத்தாறு வருஷத்தில் அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை, தங்கச்சி. ரேஷன் கடையில்கூட அட்டையைத்தான் காட்டுவேன். இந்தக் காலத்துப் பெண்கள் சொல்கிறீர்கள், நான் தப்புச் சொல்லவில்லை. எனக்கு வராது.

"சரிக்கா, சாமி பேரா?" என்று கேட்டார்.

"சாமி பேருதான். மயில்ல வருமே, அந்தச் சாமி."

"முருகனா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"வேலுச்சாமியா? கந்தையாவா? சுப்பையாவா?"

"அந்தப் பக்கந்தான் தம்பி. கொஞ்சம் தள்ளிப் போங்க."

இத்தனையும் மைக்கில் போய்க்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியாது. கீழேயிருந்து சனங்கள் கத்துகிறார்கள். "குமரேசனா?" "சம்முகமா?" "பழனியாண்டியாக்கா?" ஒரு கிழவர் எழுந்து நின்று, "தண்டாயுதபாணி!" என்றார், ஏலம் கேட்கிற மாதிரி. சரியான பேரும் நடுவில் ஒருதரம் வந்தது. அதற்கு ஆமாம் என்று தலையாட்டினால் நானே சொன்ன மாதிரி ஆகிவிடாதா? அதற்கும் இல்லை என்றே ஆட்டிவிட்டேன்.

மந்திரமூர்த்தி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "விடுங்கக்கா. நீங்க யாரு, என்ன தொழிலு, எங்க இருக்கீங்க? அதைச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்." சொன்னேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார், பார்:

"பழைய தாலுகா ஆபீஸ் எதிரில், தண்ணீர்த் தொட்டி அருகில், கடந்த பதினெட்டு ஆண்டுகளாகச் சுத்தமான கடலை எண்ணெயில் முறுக்கு, சீடை, தட்டை வகைகளைத் தயாரித்து வழங்கிவரும் சொர்ணம் முறுக்குக் கடையின் உரிமையாளர் திருமதி சொர்ணத்தாய் அவர்களின் கணவரைக் காணவில்லை. அன்னார் எங்கிருந்தாலும் உடனடியாக விழா மேடைக்கு வரவும்."

மூன்று தரம் சொன்னார். அப்புறம்தான் இவர் வந்தார். கரகாட்டத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். கூட்டத்தில் வழி தெரியாமல் தடுமாறிப் போய் அங்கே உட்கார்ந்துவிட்டார், பாவம். கையில் கோலி சோடா வேறு.

மறுநாள் காலையில் கடை திறந்து அடுப்புப் பற்றவைக்கவில்லை, ஆள் வந்துவிட்டது. "என்னக்கா, அண்ணாச்சி கெடைச்சாச்சா?" கிடைத்தார் என்றேன். சும்மா கேட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசு வருமா? "சரி, கால் கிலோ சீடை போடுங்க" என்றார். அடுத்து ஒருத்தி. அடுத்து தாலுகா ஆபீஸ் பியூன். மத்தியானத்துக்குள் இருபது பேருக்கு மேல். துக்கம் விசாரிக்க வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்து, தட்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நோட்டீஸும் ட்யூப் லைட்டும் செய்யாததைத் தொலைந்துபோன என் வீட்டுக்காரர் செய்துவிட்டார். அதுவும் ஓசியில்.

அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். "இன்னிக்கும் நீங்க தொலைஞ்சு போகணும்."

மாவு பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்க?"

"எங்கயாவது. அதையும் நான்தான் சொல்லணுமா? கூப்பிட்ட ஒடனே வந்துராதீங்க. மூணு வாட்டி சொல்லட்டும்."

"எவ்வளவு நேரம் தொலையட்டும்?"

"கால் மணி நேரம்."

"ஒரு மணி நேரம் தொலைஞ்சுக்கிறனே" என்றார். பார், என் மேல் எவ்வளவு அக்கறை! தேவைக்கு மேலேயே உழைக்கத் தயாராக இருந்தார்.

இரண்டாம் நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் மந்திரமூர்த்தி, "கடைசியா அவரு கையில என்ன வச்சிருந்தாருன்னு சொன்னா அடையாளம் தெரியும்க்கா" என்றார். நான் யோசித்துச் சொன்னேன். அன்றைக்கு ஊர் முழுக்கக் கேட்டது: "காணாமல் போனபோது அவர் கையில் அரைக் கிலோ தேன்குழல், கால் கிலோ பூண்டுச் சேவு, இன்று காலை சுட்ட அதிரசம் ஆகியவற்றை வைத்திருந்தார்." மறுநாள் அதிரசம் பதினொரு மணிக்கே தீர்ந்துபோனது.

நாலாம் நாள் நான் ஒரு தப்புச் செய்தேன். ஒத்துக்கொள்கிறேன். அவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவருபவருக்குக் கால் கிலோ தட்டை இலவசம் என்று சொல்லச் சொன்னேன்.

ஆசை யாரை விட்டது? அன்று சாயங்காலம் அவர் தொலைந்து நாலு எட்டு வைப்பதற்குள் எட்டுப் பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கையும் காலும். அதோடு நின்றால் சரி. மறுநாள் காலையிலிருந்தே பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்றவரைப் பிடித்து வந்தார்கள். டீக்கடையிலிருந்து தம்ளரோடு பிடித்து வந்தார்கள். முடிவெட்டுகிற கடையில் ஒரு கன்னம் சிரைத்து, ஒரு கன்னம் சோப்பு நுரையோடு இருந்தவரை, அந்தக் கடைக்காரரே பிடித்து வந்தார்! "வேற யாரும் தூக்கறதுக்குள்ள நானே கொண்டாந்துட்டேன் மதினி. தட்டையைக் கட்டுங்க. இவருக்கு இன்னொரு கன்னம் பாக்கி இருக்கு, கூட்டிட்டுப் போகணும்" என்றார்.

ஊரில் எல்லோருக்கும் அவருக்கு மறதி நோய் என்று முடிவாகிவிட்டது. ஒருத்தி வல்லாரைக் கீரை கொண்டுவந்தாள். ஒருத்தி தாயத்துக் கட்டினாள். எதிரே வருகிறவர்கள் எல்லாம் அவர் காதருகில் குனிந்து, "அண்ணாச்சி! இது ஒங்க தெரு! அது ஒங்க கடை! இவங்க ஒங்க சம்சாரம்!" என்று கத்துவார்கள். இவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்படியா?" என்பார். தமாஷ்தான் அவருக்கு. சந்தோஷமாகத்தான் இருந்தார் என்று நினைத்தேன். வீட்டில் முன்னைவிடப் பேச்சு குறைந்துவிட்டது, அவ்வளவுதான். ஒருநாள் மட்டும், "சொர்ணம், ஒண்ணுக்குப் போகக்கூட விட மாட்டேங்கறாங்க" என்றார். "வியாபாரம்னா அப்படித்தாங்க" என்று நான் தைரியம் சொன்னேன்.

வியாபாரம் எப்படி? அதை ஏன் கேட்கிறாய்! பழைய கூட்டம் வந்துவிட்டது. பேக்கரிக்காரன் வாசலில் வந்து நின்று எங்கள் கடையைப் பார்த்துவிட்டு உள்ளே போவான்.

அப்புறம் எட்டாம் நாள். பூக்குழி, தீ மிதிக்கிற நாள். ஊரிலேயே பெரிய கூட்டம் அன்றைக்குத்தான்.

காலையில் ஒன்பது மணிக்கு நான் எண்ணெய்ச் சட்டியைக் காயவைத்துவிட்டுத் திரும்பினேன். அச்சு அப்படியே கிடக்கிறது, மாவு பாதி உள்ளே, பாதி வெளியே. அவர் இல்லை. நான் அவரை இன்னும் தொலையச் சொல்லவே இல்லை, தங்கச்சி! சாயங்காலம் ஆறரைக்குத்தான் தொலைய வேண்டும். யாராவது பிடித்துக்கொண்டு வருவார்கள் என்று இருந்தேன். பத்து மணி ஆயிற்று. யாரும் வரவில்லை. பன்னிரண்டு. ஒருத்தர்கூட வரவில்லை. தூக்கிக்கொண்டு வந்தே பழகின ஊர், அன்றைக்குப் பார்த்துத் தூக்கவில்லை. நானே பிழிந்து பார்த்தேன். மண்புழுதான் விழுந்தது. மாவு மேலே காய்ந்து, கீழே புளிக்க ஆரம்பித்துவிட்டது. நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் என்றேன் இல்லையா? அன்றைக்குப் பேசிப் பார்த்தேன். எதிரில் பேசாமல் இருக்க ஆள் இல்லாவிட்டால் பேச்சே வரமாட்டேன் என்கிறது.

நாலு மணிக்கு மேடைக்கு ஓடினேன்.

"தம்பி, அவரைக் காணோம்."

மந்திரமூர்த்தி பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னிக்கு என்ன கையில வச்சிருந்தாரு? மிக்சரா?"

"இல்ல தம்பி. நெசமாவே காணோம்."

"அக்கா, கமிட்டித் தலைவர் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டாரு. ஏழு நாள்ல அம்மன் பேரைச் சொன்னதைவிட ஒங்க கடை பேரைத்தான் அதிகமாச் சொல்லியிருக்கேனாம். ஒரு சின்னப்புள்ள கோயில்ல வந்து, முறுக்கு மாரியம்மன் எங்க இருக்குன்னு கேட்டுச்சாம். இனிமே ஒங்க வீட்டுக்காரரு தொலையக் கூடாதுன்னு தீர்மானமே போட்டாச்சு."

"தம்பி, ஒங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். கடை பேரு வேண்டாம். ஒண்ணும் வேண்டாம். ஆளு மட்டும் வந்தாப் போதும்."

"இதையே முந்தா நாளும் சொன்னீங்க. அப்புறம் பூண்டுச் சேவு வந்துச்சு."

எனக்கு எப்படித்தான் அந்தத் தைரியம் வந்ததோ, மைக்கைப் பிடுங்கிவிட்டேன். அவர் இழுக்கிறார், நான் இழுக்கிறேன். என் கைக்கு வந்துவிட்டது. பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் யாரென்று வருவார்? தொண்டைவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கடைசியில் வீட்டில் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே கூப்பிட்டேன்.

"ஏங்க!"

கூட்டத்தில் இருந்த அத்தனை ஆம்பளைகளும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பூக்குழிக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்த கட்டையைப் போட்டுவிட்டு, "இந்தா வந்துட்டேன்" என்றார். அவர் பெண்டாட்டி பக்கத்திலேயே நிற்கிறாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க? கோவமா இருந்தாலும் வந்துருங்க. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க. மாவு புளிக்குதுங்க. நான் பிழிஞ்சா வரமாட்டேங்குதுங்க." அழுகை வந்துவிட்டது. அப்புறம், மைக் கையில் இருக்கிறதே, இனி எப்போது கிடைக்கப்போகிறதோ என்று, "சீடை இன்னிக்கும் உண்டு" என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். அதைத்தான் நாத்தனார் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் அவர் ஓடி வருகிறார். வேட்டி ஒரு கையில். இன்னொரு கையில் என்ன தெரியுமா? பேக்கரிக் கவர்! பளபள என்று, ரோஸ் கலரில், அவன் கடைப் பேர் கொட்டை எழுத்தில் போட்ட கவர். உள்ளே பாதி கடித்த பப்ஸ். அப்படியே மேடையில் ஏறி, பூக்குழி பார்க்க வந்த எட்டு ஊர் சனத்துக்கு முன்னால், அந்தக் கவரை நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்ததும் முதலில் மாரியாத்தா என்றேன். அடுத்துக் கவரைப் பார்த்து மறுபடியும் மாரியாத்தா என்றேன்.

பின்னாலேயே ஜெபக்குமார் வந்தான். "அக்கா, நாலு நாளா நம்ம ஏசி ரூம்லதான் அண்ணாச்சி வந்து ஒக்காருவாங்க. ஊர்ல யாரும் தேடாத எடம் அது ஒண்ணுதான்னு சொன்னாங்க. கண்ணாடிக் கதவு, மைக் சத்தமும் கேக்காது. இன்னிக்கு யாரோ கதவைத் தொறந்தாங்க. ஏங்கன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான், பில்லு கூட வாங்காம ஓடிட்டாங்க."

பார்த்தாயா அவன் தந்திரத்தை? என் வீட்டுக்காரரை ஏசியில் உட்காரவைத்துக் கைப்பக்குவத்தைக் கறக்கப் பார்த்திருக்கிறான்! அவரிடம் கேட்டேன், "அங்க போய் என்ன செஞ்சீங்க?" என்று. "சும்மா இருந்தேன்" என்றார். "நாலு நாளுமா?" "நாலு நாளும் சும்மாதான் இருந்தேன்." எதையோ மறைக்கிறார்.

மறுநாள் பேக்கரியில் கூட்டம் தாங்கவில்லை. முறுக்குக் கடைக்காரர் ஒளிந்திருந்த மேஜை எது என்று கேட்டுக் கேட்டு அதில் உட்கார்ந்து பப்ஸ் சாப்பிட்டார்கள். எட்டு நாள் நான் பாடுபட்டு வளர்த்த விளம்பரம், ஒரு கவரில் அவனுக்குப் போய்விட்டது.

கடை என்ன ஆயிற்று என்றுதானே பார்க்கிறாய்? திருவிழா முடிந்து கட்டிடக்காரர் வந்தார். எனக்கு உயிரே இல்லை. அவர் நின்று யோசித்துவிட்டு, "வேணாம்மா, நீங்களே இருங்க. இந்தக் கடையும் போயிட்டா இவரைக் கண்டுபிடிக்கறவன் எங்க கொண்டாந்து விடுவான்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரும் இரண்டு தரம் தட்டை வாங்கினவர்தான்.

ஆனால் நான் அதோடு விடுவேனா? எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அந்த எட்டாம் நாள் மாதிரி இன்னொரு நாள் வந்தால் நான் தாங்க மாட்டேன். மைக் இல்லாமலே அவர் திரும்பி வர ஒரு வழி வேண்டும். பேனர் கடையில் போய் அவர் சட்டை நாலையும் கொடுத்து, முதுகில் அடித்து வாங்கினேன். பேனரை விட மலிவு. கடைப் பேர், விலாசம், ஊர், போன் நம்பர். அதற்குக் கீழே, 'மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும். தகவல் தந்தால் வீட்டுக்கே வந்து பெற்றுக்கொள்ளப்படும்.' முதல் வரி முறுக்குக்கு, இரண்டாவது வரி அவருக்கு. எல்லோரும் சேர்த்துப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். அவர் பேர் மட்டும் போடவில்லை. நான் எப்படி எழுதிக் கொடுப்பேன்? கல்யாண வீட்டுக்குப் போனாலும் அந்தச் சட்டைதான். போன வாரம் ஒரு சீமந்தத்துக்குப் போய்விட்டு முன்னூறு அதிரசத்துக்கு ஆர்டரோடு வந்தார்.

இப்போது திருச்செந்தூர் போகிறோம். அந்த எட்டாம் நாள் நேர்ந்துகொண்டேன், ஆள் திரும்பி வந்தால் அவர் பேர் உள்ள சாமிக்கே அவருக்கு மொட்டை போடுகிறேன் என்று. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கடற்கரையில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

நேற்றுச் சாயங்காலம்தான் எனக்கு நெஞ்சில் தீ வைத்த மாதிரி ஆகிவிட்டது. திருச்செந்தூரில் ஆம்பளைகள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போக வேண்டும்? எத்தனை ஆயிரம் பேர் வருகிற இடம்! எல்லா முதுகும் ஒரே மாதிரி இருக்கும். சட்டையில்லாமல் இவர் எங்கேயாவது நழுவிப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டால் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? மொட்டை வேறு. என்னாலேயே அடையாளம் சொல்ல முடியாது.

அதனால் இன்று விடிகாலையில், அவர் குப்புறப் படுத்துத் தூங்கும்போது, முறுக்குப் பாக்கெட்டுக்குக் குத்துவோமே, அந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, மையில் நன்றாக ஒற்றி, முதுகில் இரண்டு தோளுக்கும் நடுவில் ஒன்று குத்திவிட்டேன். 'சொர்ணம் முறுக்குக் கடை. சுத்தமான கடலை எண்ணெயில் தயாரித்தது. ஈரம் படாமல் வைக்கவும்.' கடலில் குளித்தால் அழியும், எனக்கும் தெரியும். ஸ்டாம்பும் மைப்பெட்டியும் இதோ இந்தப் பையில்தான் இருக்கிறது. கரையேறியதும் துடைத்துவிட்டு இன்னொன்று. மொட்டை போட்டபிறகு மேலேயும் இடம் கிடைக்கும்.

குத்தும்போது அவர் முழித்துக்கொண்டார், தங்கச்சி. நான் அப்படியே ஸ்டாம்பும் கையுமாக நின்றுவிட்டேன். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையணையில் முகத்தை வைத்தபடியே, "நேராக் குத்து சொர்ணம்" என்றார். "கோணலா இருந்தா படிக்கறவன் எங்க கொண்டாந்து விடுவான்?"

துடைத்துவிட்டு, நேராகக் குத்தினேன்.